எத்தனை படிகள்?

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். முழங்கால் வலியைப் பற்றி உனக்கு எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன்.

உன் பக்கத்தில் வந்து இருக்கலாமா என்று சென்ற மாதம் போனில் கேட்டதற்கு, "யோசித்துச் சொல்கிறேன் அப்பா" என்றாய். அவசரம் ஒன்றுமில்லை. உனக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தி சித்தப்பா சொல்லித்தான் தெரிந்தது. நீயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் உன் அம்மா அதை அவரிடம் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் 8 மாதம். அதற்குப் பிறகு எங்கே இருப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மலையடிவாரத்தில் ஒரு வீடு பார்த்தோம். அம்மாவுக்கு அதை விட்டு வரவே மனமில்லை. நாங்கள் போனது நல்ல பருவம். மோசமான பருவத்தில் ஒரு மாதமாவது வாடகைக்கு இருந்து பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் காரில் 2 மணி நேரம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அதைக் கொடுக்கவும் முடியாது. நேரம் போதும் என்றாள் அம்மா. காரை ஓட்டுகிறவன் நான். விழுந்து கிடப்பதும் நானாக இருந்தால்? தேடுவது இரண்டு பேர், கடைசியில் அங்கே இருக்கப்போவது ஒருவர். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

இன்னொன்று தரைத்தளம். சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்குக் கதவுகள் அகலம், குளியலறையில் பிடிமானக் கம்பி. ஆனால் வாசலில் 3 படிகள். மூன்றுதானே என்று நினைக்காதே. மொத்த உயரம் 45 செ.மீ. சாய்தளம் உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம் இருந்தால்தான் நாற்காலியைப் பயமில்லாமல் தள்ள முடியும். 540 செ.மீ. வேண்டும், வாசலில் அவ்வளவு இடமில்லை. நீயும் வீடு வாங்கும்போது படிகளைப் பார். வயது இருக்கிறதே என்று நினைக்காதே. படிகளைப் பார்.

பாட்டியை நம்மோடு அழைத்து வந்தது அவருடைய நல்லதுக்குத்தான் என்று உன்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நான் அப்போதும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். மருத்துவமனை 10 நிமிடம், மருந்துக்கடை எதிரே. மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. 4 ஆண்டுகளில் பாட்டி கீழே இறங்கியது மருத்துவரைப் பார்க்க மட்டும்தான். தபால்காரர் வரும் நேரம் அவருக்குத் தெரியும். எதிர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களெல்லாம் ஜன்னல் வழியே தெரியும். அவர்களில் ஒருவரிடமும் அவர் பேசியதில்லை.

அவருடைய வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதாகச் சொல்லியிருந்தேன். அதை விற்று அப்போதே 6 மாதம் ஆகியிருந்தது. மாடியில் நாம் இருந்த வீட்டை வாங்க அந்தப் பணம்தான் உதவியது. குடியிருப்பவர்கள் வீட்டை நன்றாக வைத்திருக்கிறார்களா என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வெளியே போயிருந்தால் உன்னிடம் கேட்பார். நீ பள்ளிக்கூடப் பிள்ளை. நான் சொல்லிக் கொடுத்தபடி, "நன்றாக வைத்திருக்கிறார்கள் பாட்டி" என்பாய். உன்னை அப்படிச் சொல்ல வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உன் அம்மாவிடம்கூட இதைப் பேசியதில்லை.

நீ நன்றாக யோசி. உன் பக்கத்தில் வந்து இருப்பது சரிப்படாது என்று தோன்றினால் அப்படியே எழுது. நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வோம். என் மனம் நோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, நான் பாட்டியிடம் சொன்னதைப் போல எதையும் சொல்லிவிடாதே.

உன் வீட்டு வாசலில் எத்தனை படிகள் என்று அம்மா கேட்கிறாள். கைப்பிடி இருக்கிறதா என்றும் பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா