‘காயத்திலிருந்து விடுவிப்பு’: வைத்தியசாலைத் தாள்களைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

நோயாளரிடம் கொடுக்கப்படும் தமிழ் அறிவுறுத்தல் தாள்கள் எப்படித் தயாராகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அதை நான் விளக்க வேண்டியதில்லை. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு தாளையும் தமிழ் பேசும் தாதி ஒருவரும் சாதாரண நோயாளர் ஒருவரும் வாசித்துப் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

72 வயதான என் தாயார் நீரிழிவு நோயாளி. காற்பெருவிரலில் சத்திரசிகிச்சை முடிந்து, துண்டு வெட்டி, அதாவது வெளியேறும் சீட்டு எழுதி, வீட்டுக்கு விட்டபோது கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். தலைப்பு ‘விடுவிப்பு அறிவுறுத்தல்கள்’. அதன் நான்காவது வரி, ‘காயத்திலிருந்து விடுவிப்பு ஏற்படின் உடனடியாக வருகை தரவும்’ என்று இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். காயம் தன்னை விட்ட பிறகு, அதாவது ஆறிய பிறகு, வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் கட்டுத்துணி மஞ்சளாக நனைந்தது. எனக்குக் காட்டாமல் அதன்மேல் பழைய சேலைத்துணியைச் சுற்றிக்கொண்டு மேலும் நான்கு நாள் இருந்தார். மணம் வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “ஆறினாப் பிறகுதானே வரச் சொன்னவை” என்றார். விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

பின்னர் ஆங்கிலத் தாளை வாங்கிப் பார்த்தேன். தலைப்பிலும் நான்காவது வரியிலும் ‘டிஸ்சார்ஜ்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. வண்டியிலிருந்து பாரத்தை இறக்குவது என்ற பொருளில் பிறந்த சொல் அது. கப்பலில் சரக்கை இறக்குவதும், துப்பாக்கி வெடிப்பதும், கடனைத் தீர்ப்பதும், கடமையை ஆற்றுவதும், நீதிமன்றம் சந்தேகநபரை விடுவிப்பதும், பௌதிகப் பாடத்தில் நாம் படித்த மின்னிறக்கமும், நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதும், புண்ணிலிருந்து சீழ் வடிவதும் ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. எந்தச் சொல்லை எடுப்பது என்பதை வசனந்தான் சொல்லும். வசனத்தை வாசியாமல் சொல்லை மட்டும் மாற்றியவருக்குச் சீழும் விடுதலையும் ஒன்றாகிவிட்டன.

எங்கள் மொழியிலும் பல பொருள் தரும் சொற்கள் இருக்கின்றன. காயம் என்றால் புண், உடலும் அதுவே. தேவாரம் படித்து வளர்ந்த என் பெரியம்மா அந்த வரியை வாசித்தபோது, உடலிலிருந்து விடுதலை என்ற பொருளே முதலில் பட்டு, தாளை மடித்து வைத்துவிட்டார். தமிழறிந்த ஒருவர் ஒரு தடவை வாய்விட்டு வாசித்திருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது.

1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அந்த மண்ணில் இன்று ஒரு புண்ணைப் பற்றித் தமிழில் ஒரு வரி சரியாக வரவில்லை. 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் சட்டம் வந்தது. ஆனாலும் படிவங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் எங்கள் மொழி கடைசியில், அவசரத்தில், பார்ப்பாரின்றி எழுதப்படுகிறது. பலகையில் பிழை வந்தால் மனம் நோகும். மருந்துத் தாளில் வந்தால் விரல் போகும்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எவரையும் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. தாள்களை அச்சிடுமுன் ஒரு தாதியிடமும் ஒரு நோயாளரிடமும் வாசிக்கக் கொடுங்கள் என்றே மீண்டும் பணிவாகக் கேட்கிறேன். சென்ற கிழமை மருந்து கட்டப் போனபோதும் அடுத்த கட்டிலில் இருந்தவரின் கையில் அதே தாள் இருந்தது. ஆகவே முதலில் அந்த நான்காவது வரியை, ‘காயத்திலிருந்து சீழோ நீரோ வடிந்தால் உடனே வாருங்கள்’ என்று மாற்றித் தாருங்கள்.

வணக்கத்துடன்,
ஒரு நோயாளியின் மகள்