ரிப்போர்ட் நார்மல், வலி?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான்கு வருடமாக எனக்கு உடம்பெல்லாம் வலி. காலையில் ஈரத்துணியைப் பிழியக்கூடக் கை வராது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலும் யாரும் நம்பவில்லை. வலியைவிட அதுதான் வலித்தது.

ஐந்தாவதாகப் பார்த்த மூட்டுவாத மருத்துவர், அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் நாள்பட்ட வலி தரும் நோய், என்றார். இது ஸ்கேனில் தெரியாது. தைராய்டு, முடக்குவாதம் போன்றவற்றையும் பார்த்துவிட்டு, 3 மாதமாவது நீடிக்கும் பரவலான வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி ஆகியவற்றை விசாரித்தே கண்டறிய வேண்டும். உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்க்கும் 1990ஆம் ஆண்டு முறைகூட, இந்நோயைக் கண்டறிய 2010இல் வந்த மருத்துவ விதிகளில் கட்டாயமில்லை.

கேட்க நேரம்தான் வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒருநாளாவது நாள்பட்ட வலிக்கென்று தனி ஓ.பி. நடத்த சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகி, திருச்சி