‘தள்ளுபடி’ என்று தலைப்புப் போடுமுன்

அன்பு மகளுக்கு,

வணிகப் பக்கத்தை உன்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நல்லது. முதல் வாரத்திலேயே ‘தள்ளுபடி’ என்ற சொல் உன் மேசைக்கு வரும். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துப் போடு.

2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. கடன் அதோடு தீர்ந்தது. வங்கிக்கு அரசு ஈடுகட்டும். இது தள்ளுபடிதான். பெருநிறுவனக் கடனை வங்கி ‘ரைட் ஆஃப்’ செய்வது வேறு. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். பிறகு வருடா வருடம் லாபத்திலிருந்து அதற்கென்று ஒதுக்கீடு வைப்பார்கள். பெரும்பாலும் நான்காண்டு முடிந்து, முழுத்தொகைக்கும் ஒதுக்கியான பிறகு, ஐந்தொகையிலிருந்து (பேலன்ஸ் ஷீட்) எடுத்துவிடுவார்கள். வாங்கியவர் அப்போதும் கடனாளிதான். வழக்கும் ஏலமும் தொடரும். இதற்கு ‘கணக்கிலிருந்து நீக்கம்’ என்று போடு.

அதற்காக, ‘இது வெறும் கணக்கு நடைமுறை’ என்று வங்கித் தரப்பு சொல்வதை அப்படியே இறக்கிவிடாதே. ஒதுக்கீடு போனது லாபத்திலிருந்து. பொதுத்துறை வங்கியில் அந்த லாபம் யாருடையது? நீக்கிய தொகை எவ்வளவு, அதில் வசூலானது எவ்வளவு என்ற இரண்டும் ஒரே பத்தியில் வர வேண்டும். நாடாளுமன்ற எழுத்துபூர்வப் பதில்களில் தேடு.

உண்மையிலேயே கடன் கரைகிற இடம் திவால் தீர்வு, அதாவது கடனைக் கட்ட முடியாத நிறுவனத்தைத் தீர்ப்பாயம் வழியாக வேறொருவரிடம் ஒப்படைப்பது. வீடியோகான் குழுமத்திடம் கடன் கொடுத்தவர்கள் கேட்டு, ஏற்கப்பட்ட தொகை சுமார் 64,838 கோடி. 2021 ஜூனில் மும்பை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்த திட்டத்தில் அவர்களுக்கு வரவிருந்தது 2,962 கோடி. இந்த இழப்புக்குத் துறையில் ‘ஹேர்கட்’ என்று பெயர். இது முடிவெட்டா, மொட்டையா என்ற தொனியில் தீர்ப்பாயமே எழுதியது. (மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பிறகு அந்த ஒப்புதலை ரத்து செய்தது.) இத்தகைய செய்திக்கு ‘தீர்வு’, ‘மீட்பு’ என்று தலைப்பு, விவசாயி என்றால் ‘கருவூலத்துக்குச் சுமை’, ‘சலுகை’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார், நாம் யாருக்கு எந்தச் சொல்லைக் கொடுக்கிறோம் என்று தெரியும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. நேற்றைய தலைப்பைப் பார்த்து இன்றையதைப் போடுகிறோம், அவ்வளவுதான்.

பணக்காரர் பட்டியல் வந்தால் ‘ஒரே நாளில் சம்பாதித்தார்’ என்று எழுதாதே. பெரும்பகுதி, கைவசமுள்ள பங்கை அன்றைய விலையால் பெருக்கிய தொகை. 2023 ஜனவரி 24 அன்று அதானி குழுமத்தின் மீது முறைகேட்டுப் புகார் கூறி, ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வந்தது. சில நாளிலேயே அதானி குழுமப் பங்குகளின் சந்தை மதிப்பில் 10,000 கோடி டாலருக்கு மேல் சரிந்தது. யாருடைய பெட்டியிலிருந்தும் பணம் எடுக்கப்படவில்லை. காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குச் சந்தைத் தளத்தில் பங்குதாரர் விவரம் வரும். புரமோட்டர்கள் (நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் முதலாளிகள்) அடமானம் வைத்த பங்கு அதில் தனிக் கட்டத்தில் இருக்கும். பட்டியல் செய்தியோடு அதையும் சேர்.

கடைசியாக ஒன்று. விளம்பரத்துக்கு ஈடாக நிறுவனங்களின் பங்கை வாங்கிக்கொள்ளும் ஊடகங்கள் உண்டு. அப்படிப் பங்கு வைத்திருந்தால், அந்த நிறுவனம் பற்றிய செய்தியில் அதைச் சொல்ல வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2010-லேயே கட்டாயமாக்கியது. ஒரே ஒரு வரிதான். பக்கம் கட்டும்போது இடம் போதவில்லை என்றால் முதலில் கத்தி வைப்பது அதன்மேல்தான். வேறு எதையாவது வெட்டச் சொல்.

அன்புடன்,
அம்மா