தூச்சேயில் ஓர் உயிரெழுத்து

அன்பு மகளுக்கு,

முசோலினி சூடிக்கொண்ட 'தூச்சே' என்ற பட்டமும் பழைய வெனிஸ் குடியரசுத் தலைவரின் 'தோஜே' என்ற பட்டமும் ஒரே வேரா என்று கேட்டிருந்தாய். ஒரே வேர்தான்: முன்நின்று நடத்துபவன் எனப் பொருள்படும் லத்தீன் 'துக்ஸ்'. வந்த வழிதான் வேறு. அதைக் காட்டிக்கொடுப்பது ஓர் உயிரெழுத்து.

இத்தாலியப் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் லத்தீனின் இரண்டாம் வேற்றுமை வடிவிலிருந்து வந்தவை. அதனால் துக்ஸை விட்டு 'துக்கெம்' என்பதை எடுத்துக்கொள். கடைசி மகரம் பேச்சில் எப்போதோ உதிர்ந்துவிட்டது. முதல் உகரம் குறில். மக்கள் வாயில் அந்தக் குறில் ஓகாரமாகிவிடும், நெடில் ஊகாரமோ மாறாது. சிலுவையைக் குறிக்கும் 'க்ருக்கெம்' 'க்ரோச்சே' ஆயிற்று; வால்நட்டைக் குறிக்கும் 'நுக்கெம்' 'நோச்சே' ஆயிற்று. ஆனால் வெளிச்சம், 'லூக்கெம்', நெடில் என்பதால் 'லூச்சே' என்றே நிற்கிறது. இந்தக் கணக்குப்படி துக்கெம் 'தோச்சே' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எனவே தூச்சே, படித்தவர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து எடுத்து வந்த சொல். இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடி, 1860இல் ஆயிரம் பேரோடு சிசிலிக்குப் போன கரிபால்டியை முன்பே 'ஆயிரவரின் தூச்சே' என்றார்கள். ரோமின் பழம்பெருமையைப் போர்த்திக்கொள்ள விரும்பிய முசோலினிக்கு அந்த ஏட்டு வாசனை நன்றாகவே பொருந்தியது.

தோஜே அப்படியல்ல, வாயில் புழங்கித் தேய்ந்த சொல். ஓகாரம் வந்துவிட்டது. வட இத்தாலியப் பேச்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் வல்லொலியும் மெலியும். நம் 'பகல்' என்பதில் ககரம் மெலிவதைப் போல. அப்படித்தான் 'சே' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜே' நிற்கிறது. அந்தப் பட்டத்தையும் வெனிஸ்காரர்கள் விதிகளால் கட்டிப்போட்டே வைத்திருந்தார்கள். 1268 முதல் 41 பேர் கூடித் தோஜேயைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் 25 வாக்காவது வேண்டும். 1797இல் கடைசி தோஜே லுதோவிக்கோ மனின் பதவி துறந்ததோடு அந்தப் பட்டம் முடிந்தது.

'தூக்கா' என்று பிரபுவைக் குறிக்கும் மூன்றாவது சொல்லும் இருக்கிறதே, அதன் கடைசி ஆகாரம் லத்தீன் தந்ததல்ல. பைசாந்தியக் கிரேக்கம் வழியாகச் சுற்றி வந்தது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'நடத்து' என்னும் லத்தீன் வினை 'தூக்கெரே'. அதில் ஊகாரம் நெடில். அதை வைத்துத் தூச்சேயும் இயல்பாக வந்ததுதான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அகராதியில் வினையைப் பார்க்காதே, பெயர்ச்சொல்லைப் பார். உகரத்தின் தலையில் நெடிலைக் காட்டும் கோடு இருக்காது.

அன்புடன்,
அப்பா