பதிவேட்டில் எங்கள் பெயரைத் தேடியவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை தெலுக் பஹாங்கிலுள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போன ஏழு பேர் சார்பில் இதை எழுதுகிறேன். நால்வர் உள்ளூர், மூவர் கோலாலம்பூர்; எல்லோரும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, ஐம்பதைத் தாண்டியவர்கள். அன்று எங்களுக்கு உதவியவர்களில் பலருக்கு நாங்கள் யாரென்று தெரியாது, எங்களுக்கும் அவர்கள் பெயர் தெரியாது. சிலருக்குத் தமிழும் தெரியாது. அவர்களை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

முதல் நன்றி, நுழைவாயில் முகப்பில் அமர்ந்திருந்த இளம் அதிகாரிக்கு. 101ஆம் எண் பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்களை அவர் லேசில் உள்ளே விடவில்லை. ஆளுக்கு எத்தனை போத்தல் தண்ணீர், யாருக்கு ரத்த அழுத்தம், திரும்புவது நடந்தா படகிலா, எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். "பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்" என்று எங்களில் ஒருவர் தமிழில் முணுமுணுத்தார். அந்தப் பதிவேட்டின் அருமை மாலையில்தான் தெரிந்தது.

பந்தாய் கெராச்சூட் கடற்கரைக்குப் போகும் பாதை தொடக்கத்தில் கடலோரமாகச் சமதளமாகவே போகிறது. இடப்பக்கம் பிரிந்து காட்டுக்குள் ஏறத் தொடங்கியதும் பேச்சு நின்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. முகட்டைத் தாண்டினால் ஓடைப் பள்ளத்தை ஒட்டிய இறக்கம். மர வேர்களே படிக்கட்டு. முந்திய இரவு பெய்த மழையில் எல்லா வேரும் வழுக்கியது. அங்கேதான் கோலாலம்பூர்த் தோழி ஒருவரின் முழங்கால் மடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. பின்னால் வந்த இரண்டு மாணவிகள் (ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர்) கேட்காமலேயே பையைத் திறந்து கட்டுத்துணி எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழிருந்து மேலாக, சுருக்கம் விழாமல் சுற்றிய கை பழகிய கை. தங்கள் ஊன்றுகோலையும் கொடுத்துவிட்டு, எங்கள் நடைக்கு ஈடாக மெதுவாகவே கடைசிவரை கூட வந்தார்கள். பிள்ளைகளே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இறங்கி முடித்ததும் ஏரி. மழைக்காலம் என்பதால் நிறைந்து கிடந்தது. வறண்ட மாதங்களில் வந்தால் சேறும் புல்லும்தான் இருக்குமாம். பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் மணல் திட்டுக்கு அப்பால் கடல். கடற்கரையில் மீன்வளத் துறை நடத்தும் கடலாமை மையத்தின் ஊழியர்தான் இந்த ஏரியின் சங்கதியைச் சொன்னார். மலை ஓடைகள் கொண்டுவரும் நன்னீர் மேலே நிற்கிறது. கடலிலிருந்து வரும் உப்புநீர் கனம் கூடியதால் அடியில் தங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தும் கலப்பதில்லை. நண்பர் ஒருவர் நம்பாமல் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை. அடித்தண்ணீரையும் சோதிக்க வேண்டும் என்றவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம்.

அதே ஊழியர் தொட்டியிலிருந்த ஆமைக்குஞ்சுகளையும் காட்டினார். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகமாகப் பொரிக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு எங்கள் குழுவில் எழுந்த விவாதத்தை இங்கே எழுத முடியாது. நாங்கள் இப்படி மெய்ம்மறந்திருந்த நேரத்தில் ஒரு குரங்கு மைலோ டின்னைத் திறந்து அச்சு முறுக்கு முழுவதையும் தீர்த்துவிட்டது. அதற்கு நன்றி கிடையாது.

நான்கு மணிக்கு வரவேண்டிய படகு வரவில்லை. யாருடைய படகு என்று சொல்லப்போவதில்லை. முன்பணம் திரும்பி வந்துவிட்டது, அதோடு விட்டோம். ஆனால் அப்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது, கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. வீங்கிய காலோடு அந்த மலையை மறுபடி ஏறுவது நடக்கிற காரியமில்லை. ஐந்து மணியைத் தாண்டியதும் ஆமை மைய ஊழியர் வாக்கி டாக்கியும் கையுமாக ஓடிவந்து, "ஏழு பேரும் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். முகப்பிலிருந்த தம்பி பதிவேட்டைப் புரட்டி, நான்கு மணிப் படகில் திரும்ப வேண்டிய ஏழு பேர் இன்னும் வெளியேறவில்லை என்று கண்டுபிடித்து, படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரை எங்களுக்காக அனுப்பிவைத்திருந்தார்.

அந்த மீனவப் பாக் சிக்குக்கு (மலாயில் 'மாமா') அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் தோழியை ஏற்றும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று, தன் தோளைத்தான் பிடிகம்பமாகக் கொடுத்தார். 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் மூக்கா ஹெட் முனையைச் சுற்றும்போது அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவரோ ஒரு கையால் விசையைப் பிடித்தபடி, உங்கள் தீபாவளிக்கு ஆட்டிறைச்சியா கோழியா என்று விசாரித்துக்கொண்டு வந்தார். பாதிப் பயம் அந்தப் பேச்சிலேயே போய்விட்டது. கரை சேர்ந்ததும் எண்ணெய்ச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை எங்கள் கையிலேயே திணித்தார்.

இரவு வட்டச்சாலை அருகே கடையில் நனைந்த ஏழு பேருக்கும் துண்டும் சூடான தே தாரிக்கும் (நுரைக்க இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கொடுத்த அண்ணாச்சிக்கும், நொண்டி வந்தவருக்காகப் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்த ஓட்டுநருக்கும் நன்றி.

தோழியின் முழங்கால் இப்போது தேவலை. மாணவிகளே, உங்கள் ஊன்றுகோலைத் துடைத்து, பூங்கா முகப்பில் அந்தத் தம்பியிடமே கொடுத்திருக்கிறோம். கூடவே ஒரு டின் அச்சு முறுக்கும் இருக்கிறது. குரங்கு பார்ப்பதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
ஏழு நண்பர்கள் சார்பில் ஒருத்தி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு