அம்மாவின் அந்தியேட்டியும் அப்பாவின் குறிக்கம்பியும்

சம்பூர், மூதூர், கிளிவெட்டி, வாகரை உறவுகளுக்கு,

அம்மா காலமான பிறகு செய்யும் அந்தியேட்டிக் கிரியை திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றடியில் நிறைவேறி ஒரு கிழமை ஆகிறது. பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும், இரவிரவாகக் கூட இருந்த அயலவர்களுக்கும், தேத்தண்ணிக்குக்கூட எங்களை அடுப்படிப் பக்கம் விடாத பெண்களுக்கும் மனம் நிறைந்த நன்றி. தனித்தனியாக வந்து சொல்வதுதான் முறை. ஆனால் இருவருக்குச் சொல்லவேண்டியது எல்லாருக்கும் தெரியவேண்டும் என்று அண்ணாவும் நானும் நினைத்தோம்.

அண்ணா 1999இல் போராட என்று இயக்கத்துக்குப் போனபோது எனக்குப் பதினொரு வயது. போர் முடிந்து 2011இல் தடுப்பு முகாமிலிருந்து, நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த கிளிவெட்டி முகாமுக்கு அவன் வந்தபோது அப்பா இல்லை. 2006இல் சண்டையால் சம்பூரை விட்டு ஓடியபோது வெருகல் தாண்டி வாகரைப் பக்கத்தில் காய்ச்சலில் செத்துப்போனார். அதை அண்ணாவிடம் ஒரே வரியில் சொன்னேன். அவனும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு 2016இல் காணி திரும்பக் கிடைத்து, ஒரே கிணற்றில் தண்ணி அள்ளி, ஒரே சட்டியில் சாப்பிட்டும் அப்பாவின் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை.

என் மனதில் இருந்தது இதுதான். சின்ன வயதில் அப்பா மாட்டுக்குக் குறி சுடும்போது கோபத்தில் அண்ணாவின் உள்ளங்கையைச் சுட்டுவிட்டார், அந்த ஆத்திரத்தில்தான் அவன் வீட்டை விட்டுப் போனான். இப்படியே நம்பி வளர்ந்தேன். அப்பாவையும் மன்னிக்கவில்லை, அவர் சாகும்போது வராத அண்ணாவையும் மன்னிக்கவில்லை.

மூதூர் தயிர்க்கார நானா, நீங்கள் எட்டாம் நாள் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். உள்ளே அப்பாவின் குறிக்கம்பி. பட்டி வைத்திருக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். மேய்ச்சல் தரையில் ஊர் மாடெல்லாம் கலந்து நிற்கும்போது, தொடையில் சுட்ட எழுத்துத்தான் யாருடைய மாடு என்று சொல்லும். நுனியில் அப்பாவின் எழுத்தும் அம்மாவின் எழுத்தும் அப்படியே இருந்தன. பிடி மட்டும் புதிது. 2006 சித்திரைக்கு முன் பிடி மாற்ற அப்பா உங்களிடம் கொடுத்தாராம். ஆகஸ்டில் நீங்களும் கந்தளாய்க்கு ஓடி, திரும்பிவந்து, பட்டறையில் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள்.

கம்பியைக் கண்டதும் என் வாயில் அந்தப் பழைய கதை வந்துவிட்டது. நீங்கள் என்னை இடையில் மறித்தீர்கள். "தம்பி, நான் பக்கத்தில நிண்டனான். நீ நாகு மாட்டுக்குக் குறுக்க ஓடி வந்தாய். அண்ணன்தான் வெறுங்கையால கம்பியைப் பிடிச்சவன்."

அண்ணா உள்ளங்கையை விரித்துப் பார்த்தபடி இருந்தான். "அப்பா அண்டைக்கு முழுக்க அழுதவர்," என்று மட்டும் சொன்னான். அவன் போன காரணம் வேறு. அது அவனுடைய கதை, அவன் சொன்னால் சொல்லட்டும். அன்று இரவுதான் முதல் தடவையாக, அப்பாவை எங்கே வைத்தீர்கள் என்று என்னிடம் கேட்டான்.

அதனால்தான் வாகரை ஐயாவுக்கும் இந்த மடல். ஓடிவந்த எங்களிடம் பேர்கூடக் கேட்காமல் மண்வெட்டியும் காணியில் ஒரு மூலையும் தந்தவர் நீங்கள். போன மாதம் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நீங்கள் இல்லை, உங்கள் மகன் இருந்தார். சுற்றிவரக் கச்சான் போட்டிருந்தார்கள், அந்த மூலையை மட்டும் கொத்தாமல் விட்டிருந்தீர்கள். அண்ணா அதிலேயே இருந்துவிட்டான். வெயில் ஏறியும் எழும்பவில்லை. உங்கள் மகன் ஒன்றும் கேட்காமல் ஒரு செம்பில் தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இராவணன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடம் என்று சொல்லும் கன்னியாவில், அம்மாவின் பேரோடு அப்பாவின் பேரையும் சொல்லச் சொல்லி அண்ணா கேட்டான். மறுக்காமல் சொன்ன ஐயருக்கும் நன்றி.

நானா, இரண்டு நாகு வாங்கியிருக்கிறோம். மாரி மழைக்கு முன்னம் குறி வைக்க யோசனை. நாள் குறித்ததும் அண்ணா உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லுவான். கம்பியை அவன் பிடிப்பான், நாகை நான் பிடிப்பேன். கட்டாயம் வரவேண்டும்.

இப்படிக்கு,
சம்பூரிலிருந்து அண்ணாவும் தம்பியும்