சின்னச் சின்ன அரிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒவ்வொரு இதழையும் என் தம்பிக்கு நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவது வழக்கம். சென்ற இதழில் மருந்துகள் பற்றிய கட்டுரையின் நடுவில் ஒரு வரி வந்தது: "புதிய மாத்திரை தொடங்கினால் சின்னச் சின்ன அரிப்பு, தடிப்பு வருவது சகஜம், அதற்கெல்லாம் பயந்து மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை." அதற்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை. அவனும் மேலே படி என்று சொல்லவில்லை.

வலிப்புக்காக அவனுக்குக் கார்பமசெபைன் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை. பதினோராம் நாள் காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு. மார்பில் சிவப்புப் புள்ளிகள். காட்டிய இடத்தில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று அவர்கள் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இன்னும் மூன்று நாள் வேளை தவறாமல் அந்த மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். நான்காம் நாள் காலை உதடெல்லாம் வெந்து, தண்ணீர்கூட இறங்கவில்லை. தலையைத் தூக்கி உட்கார வைக்கப் போனபோது, காதுக்குப் பின்னால் இருந்த தோல் தலையணை உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். மருந்து ஆகாமல் போய், தோலும் வாயும் கண்ணும் வெந்து உரிந்துபோவது. 1922-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்தது, நீங்களும் அறிந்திருப்பீர்கள். அரிதானதுதான். ஆனால் வலிப்பு மாத்திரை, சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி, யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால் என்று இதைக் கொண்டுவரக்கூடிய மருந்துகள் தினமும் எத்தனையோ பேருக்கு எழுதப்படுகின்றன. கார்பமசெபைன் யாருக்கு ஆகாது என்பதோடு தொடர்புள்ள ஒரு மரபணு வகையை 2004-இல் கண்டுபிடித்துவிட்டார்கள், அதற்கு ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

பெரும்பாலான தடிப்புகள் தாமாகவே அடங்கிவிடும், ஒத்துக்கொள்கிறேன். தானாக மாத்திரையை நிறுத்துங்கள் என்றும் நான் சொல்லவில்லை. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தடிப்போடு காய்ச்சலோ, கண் சிவப்போ, வாய்ப்புண்ணோ, தோலில் வலியோ சேர்ந்தால் ராத்திரியானாலும் அப்போதே ஓட வேண்டும். இதைச் சொல்ல இரண்டு வரி போதுமே ஐயா.

எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் வருகிறது. தம்பியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் "மருந்து ஒவ்வாமை" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த மருந்து? அதை எழுதவில்லை. ஒரு வருடம் கழித்து வேறோர் இடத்தில் வலிப்பு வந்து, ஃபெனிடாயின் ஊசி போடத் தயாரானார்கள். "முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" என்று ஒரு செவிலியர் கேட்டார். என் பையில் பழைய மாத்திரையின் காலி அட்டை இருந்தது. அதைப் பார்த்ததும் மருத்துவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டும் ஒரே வகை அமைப்பு, ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போகலாம் என்றார். அந்தக் கசங்கிய அட்டை இல்லையென்றால்?

அப்புறம் என் அம்மா. எட்டு மாதம் வறட்டு இருமல். பாட்டில் பாட்டிலாக மருந்து, இரண்டு எக்ஸ்ரே. கடைசியில் மருந்துக் கடையில் ஒரு மருந்தாளுநர், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் எனலாப்ரில் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதனாலேயே இருமல் வரும்மா, டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார். மாத்திரையை மாற்றிய மூன்றாம் வாரம் இருமல் நின்றது.

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. "பக்க விளைவே இல்லாத மூலிகை" என்று உங்கள் பக்கங்களில் விளம்பரம் வருகிறது. மூலிகையாலும் கல்லீரல் கெடும். இரண்டு வருடம் முன்பு இதைப் பற்றி எழுதினேன், பதில் இல்லை. வாசகர் கடிதம்தானே என்று விட்டிருப்பீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பானது என்று சொல்லி விற்ற தாலிடோமைடு மாத்திரையால் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனத்தோடு பிறந்தார்கள். அதைப் பற்றி 1961 டிசம்பரில் மெக்பிரைட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் லான்செட் மருத்துவ இதழுக்குச் சில வரிகள் எழுதினார். அதுவும் ஆசிரியருக்கு எழுதிய கடிதம்தான்.

நான் கேட்பது கொஞ்சம்தான். அந்த வரிக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில். கூடவே, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி எப்போதும் பையில் வைத்திருங்கள் என்று ஒரு சின்னக் கட்டம்.

தம்பியின் கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடுகிறேன். திருத்தம் வந்தால் அவனுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி